சுவருக்குள் மறைந்த வயரிங் கோளாறு: அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

வீட்டில் கரண்ட் கோளாறு வந்ததும் எல்லோரும் கேட்பது "எங்கே?" என்றுதான். கன்சீல்டு வயரிங் உள்ள வீட்டில் அதற்கு நேரடியாகப் பதில் கிடைக்காது. வயர் முழுக்கச் சுவருக்குள்ளும் மோல்டு எனப்படும் கான்கிரீட் கூரைக்குள்ளும் பைப்பில் ஓடுகிறது. அதனால் "எப்போது?" என்று கேட்டுத் தொடங்குங்கள். மழை பெய்தால் ட்ரிப் ஆகிறதா, கீசர் போட்டால் ஆகிறதா, ஆளில்லாத நடுராத்திரியில் ஆகிறதா? போட்ட உடனே விழுகிறதா, இருபது நிமிடம் கழித்தா? இரண்டு மூன்று நாள் இதை ஒரு தாளில் குறித்து வைத்தாலே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பைப்புக்குள் நேராகப் போகிற நல்ல வயர் நடுவழியில் தானாகக் கெடுவது அபூர்வம். கெடுவது பெரும்பாலும் முனைகளில்தான்: ஸ்விட்ச் பாக்ஸ் திருகு, ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கிய ஜாயின்ட், ஃபேன் பாக்ஸ், வெளிச்சுவர் லைட், டிபி பாக்ஸ் (வீட்டின் எல்லா லைனும் பிரிந்து போகும் பெட்டி). நடுவில் கெட்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். ஆணி அடித்திருப்பார்கள், தண்ணீர் இறங்கியிருக்கும், எலி கடித்திருக்கும், இல்லையென்றால் தாங்க முடியாத லோடு பல நாள் ஓடியிருக்கும். "சுவரைக் காடி எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், எல்லா முனைகளையும் திறந்து பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குவது, எம்சிபியை (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக வெட்டும் ஸ்விட்ச்) ஏற்றி இறக்குவது, கவனித்துக் குறிப்பது, இவற்றை வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யலாம். ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றுவது, டிபியின் மூடியைத் திறப்பது, மெக்கர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைப்பது எல்லாம் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. இந்தக் கட்டுரையில் இரண்டையும் எழுதுகிறேன். வயர்மேன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான், அவர் தேடுகிறாரா, கையில் கிடைத்ததை மாற்றிப் பார்க்கிறாரா என்பது உங்களுக்குப் புரியும்.

மெயினை நிறுத்தினால் போதும் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கிய அடுத்த நொடி லைட், ஃபேன் லைன்களுக்கு பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துவிடும். அதனால் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் அவுட்புட்டைப் பிரித்த பிறகே எந்தப் பாக்ஸையும் திறக்க வேண்டும். பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். மறுபடி முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, கரண்ட் இல்லாத வயரிலும் டெஸ்டர் எரியாது. இரண்டையும் பிரித்துக் காட்ட வேறு வழியில்லை.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது

பலர் இதை "ட்ரிப்பர்" என்பார்கள். பழைய பழக்கத்தில் இஎல்சிபி என்பவர்களும் உண்டு. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டுமே இது பார்க்கிறது. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விழலாம், 30-ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். அது விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் பூமிக்குப் போகிறது, இல்லையென்றால் வேறு பாதையில் திரும்புகிறது.

முதல் வேலை, வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்குவது. ஸ்விட்சை அணைத்தால் போதாது. ஸ்விட்ச் வெட்டுவது ஃபேஸை மட்டும். கீசர் காயிலின் நியூட்ரல் பக்கம் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஸ்விட்ச் அணைந்திருந்தும் அந்தத் தொடர்பு அப்படியே இருக்கும். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்த கீசர், ஏசி, தண்ணீர் மோட்டார் இருந்தால் அவற்றையும் பிரிக்க வேண்டும்.

பிடுங்கிய பிறகு ஆர்சிசிபி விழாமல் நிற்கிறதா? அப்படியென்றால் பிரச்சினை பெரும்பாலும் சுவரில் இல்லை, ஏதோ ஒரு சாதனத்தில்தான். ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றையும் உண்மையாக ஓடவிட்டுப் பாருங்கள். கீசரும் அயர்ன் பாக்ஸும் சூடேறிய பிறகுதான் கசியும். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் பனி உருக்கும் ஹீட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஓடும். ஆளில்லாத நேரத்தில் ட்ரிப் ஆகும் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஹீட்டரையும், போர்வெல் மோட்டாரையும்தான்.

நிற்கவில்லையா? டிபியில் உள்ள எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள். இப்போது நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டின் ஃபேஸில் கசிவு.

எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதும் ஆர்சிசிபி விழுகிறது, அல்லது எப்போதாவது ஒரு கனமான லோடு போட்டால் மட்டும் விழுகிறது, எந்த எம்சிபி என்றும் பிடிபடவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஆர்சிசிபியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அது கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அதன் அவுட்புட் வயர்களைக் கழற்றிவிட்டு வெறுமனே ஏற்றிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். வெறுமனே நிற்கிறது, வயரை மாட்டினால் விழுகிறது என்றால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று பொருள்.

இதை நன்றாகப் புரிந்துகொள்வது அவசியம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சிங்கிள்-போல் எம்சிபி. அது ஃபேஸை மட்டுமே வெட்டும். எல்லா சர்க்யூட்டின் நியூட்ரலும் நியூட்ரல் லிங்க் என்ற உலோகப் பட்டையில் ஒன்றாகவே இணைந்திருக்கும். ஆகவே எம்சிபியை இறக்கினாலும் நியூட்ரலில் உள்ள கோளாறு பிரிவதில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சாதாரணமாக ஓரிரண்டு வோல்ட்தான் இருக்கும், லோடு குறைவாக இருந்தால் அதுவும் குறையும். அதனால் லோடு இல்லாதபோது கசிவு சிறிதாகவே இருந்து ஆர்சிசிபி நிற்கும். வீட்டில் எங்கோ இஸ்திரி போட்டால், திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் பிரிந்து ஓடி ஆர்சிசிபி விழும். இஸ்திரிப் பெட்டி நன்றாக இருக்கும், கோளாறு படிக்கட்டு லைட்டில் இருக்கும்.

இதைப் பிடிக்க எம்சிபியை ஆட்டிப் பயனில்லை, நியூட்ரல்களைப் பிரிக்க வேண்டும். வயர்மேன் மெயினையும் ஆர்சிசிபியையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, நியூட்ரல் லிங்க்கில் உள்ள ஒவ்வொரு வயருக்கும் எண் சீட்டு ஒட்டிக் கழற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். எந்த வயர் எர்த்தோடு தொடர்பு காட்டுகிறதோ அதுதான் குற்றவாளி. மல்டிமீட்டரில் ஒன்றும் காட்டவில்லை என்றால் 500 வோல்ட் மெக்கரில் பார்க்க வேண்டும். ஈரமும் கரியும் கலந்த கசிவு மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி வோல்டேஜுக்கு ஒளிந்துகொள்ளும், 500 வோல்ட்டுக்கு ஒளிய முடியாது.

இதிலேயே இரண்டு கிளைகள் உண்டு. இரண்டு தளத்துக்கும் தனித்தனி ஆர்சிசிபி வைத்த வீட்டில், குறிப்பிட்ட ஒரு லைட்டைப் போட்டால் மட்டும் விழுகிறது என்றால், அந்த லைட்டுக்கு ஒரு தளத்தின் ஃபேஸும் மற்ற தளத்தின் நியூட்ரலும் வந்திருக்கும். படிக்கட்டு டூ-வே ஸ்விட்சில் இது சர்வசாதாரணம். வயரில் ஒரு பழுதும் இருக்காது, இணைப்பைத் திருத்தினால் சரியாகிவிடும். இன்வெர்ட்டர் வைத்த பிறகு ஆரம்பித்த தொல்லையும் இதே வகைதான். இன்வெர்ட்டருக்கான ஃபேஸை ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்திருப்பார்கள், லைட்களின் நியூட்ரலோ ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள லிங்க்கில் இருக்கும். போன வழி ஒன்று, திரும்பும் வழி வேறு. இரண்டும் ஆர்சிசிபியின் ஒரே பக்கத்தில் இருக்கும்படி மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காரணம் பிடிபடவில்லை என்பதற்காக ஆர்சிசிபியை பைபாஸ் செய்ய யாரையும் விடாதீர்கள். "100 மில்லி ஆம்பியர் போட்டால் விழாது" என்று மாற்றித் தருகிறவர்களும் உண்டு. விழாதுதான். ஆனால் உயிரைக் காப்பதற்கென்று வைத்த அளவு 30. அதைத் தாண்டினால் அது தீ விபத்தைத் தடுக்க உதவும், ஈரக் கையோடு கீசர் குழாயைத் தொட்ட குழந்தைக்கு உதவாது.

மழை பெய்தால் மட்டும் விழுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி, வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிடும் கோளாறு இது. வெயில் வந்ததும் மறந்துவிடுவதால்தான் வருடாவருடம் திரும்பி வருகிறது. மழை நாளிலேயே தேடுங்கள். காய்ந்த பிறகு மெக்கர் வைத்தாலும் நல்ல ரீடிங்தான் காட்டும்.

முதலில் வெளிப்புறத்தைப் பாருங்கள்: கேட் தூண் லைட், சன்ஷேடுக்குக் கீழே உள்ள பாக்ஸ், மொட்டை மாடி பிளக் பாயின்ட், வெளியில் வைத்த காலிங் பெல் ஸ்விட்ச், ஏசி வெளி யூனிட்டுக்குப் போகும் வயர். கேட் லைட்டுக்குத் தரைக்கடியில் பைப் போட்டு, அதற்குள் சாதாரண வீட்டு வயரை இழுத்திருந்தால் அதில் தண்ணீர் தேங்கியே இருக்கும். தரைக்கடியில் போக வேண்டியது அதற்கென்றே உள்ள கேபிள்.

அடுத்தது மோல்டு. சென்ட்ரிங் அடிக்கும்போது போட்ட பைப் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. மாடித் தளத்தில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் இறங்கிப் பைப்பைக் கண்டுபிடித்து, அதன் வழியே ஓடி, தாழ்ந்த இடத்தில் வெளியே வரும். ஃபேன் கப்பிலிருந்து சொட்டினால் விரிசல் ஃபேனுக்கு மேலேதான் என்று நினைக்காதீர்கள், பத்தடி தள்ளியும் இருக்கலாம். ஃபேன் கப்பை இறக்கிப் பாருங்கள். ஜாயின்டைச் சுற்றிய டேப் கறுத்து, செம்பு பச்சை பிடித்திருந்தால் இடம் கிடைத்துவிட்டது. வயரை மாற்றுவது பாதி வேலைதான். மேலே தளத்தை அடைக்கவில்லை என்றால் புதிய வயரும் அதே தண்ணீரில்தான் கிடக்கும்.

பாத்ரூமுக்குப் பின்புறச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால், மழையே இல்லாமலும் இதே அறிகுறி வரும். அங்கே கசிவது தண்ணீர்க் குழாய். காலையில் எல்லோரும் குளித்து முடித்த நேரத்தில் விழுகிறதா என்று குறிப்பைப் பாருங்கள்.

எம்சிபி விழுகிறது

ஆர்சிசிபி நின்று எம்சிபி மட்டும் விழுந்தால் கதை வேறு. ஏற்றிய நொடியே "டப்" என்று விழுகிறதா, கொஞ்ச நேரம் நின்று விழுகிறதா என்பதே முதல் பிரிவு.

நொடியில் விழுந்தால் ஷார்ட். வீடுகளில் அதிகம் உள்ள சி வகை எம்சிபி, தன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு கரண்ட் பாய்ந்தால் உடனே வெட்டும். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஷார்ட் ஆன இடத்தில் நெருப்புப் பொறி பறக்கிறது. அந்த சர்க்யூட்டின் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து ஒருமுறை ஏற்றுங்கள். நின்றால், ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த ஸ்விட்சில் விழுகிறதோ, கோளாறு அந்த ஸ்விட்சுக்கும் அதன் லைட்டுக்கும் இடையில். எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால் கோளாறு ஸ்விட்சுகளுக்குக் கரண்ட் கொண்டுவரும் மெயின் லூப்பில். அண்மையில் சுவரில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். டிவி மாட்ட, அலமாரி அடிக்க, திரைச்சீலைக் கம்பி வைக்கத் துளை போட்டீர்களா? வயர் வழக்கமாக ஸ்விட்ச் பாக்ஸிலிருந்து நேர் மேலே மோல்டுக்கு ஏறும். அந்த நேர்கோட்டில் ஆணி இருந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் இங்கே சீரிஸ் லாம்ப் வைப்பார்கள். 100 வாட் குண்டு பல்பை லைனோடு தொடராக இணைத்தால், ஷார்ட் இருக்கும்வரை பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், அரை ஆம்பியருக்கும் குறைவாகவே கரண்ட் பாயும், எம்சிபி விழாது. அப்படியே எரியவிட்டு ஒவ்வொரு பாக்ஸாகப் பிரித்துக்கொண்டே போனால், எந்த இடத்தைப் பிரிக்கும்போது பல்ப் அணைகிறதோ அதற்கு அப்புறம்தான் கோளாறு. அருமையான முறை. ஆனால் லைனில் கரண்ட் இருக்கும்போதே செய்வது, ஆகவே வயர்மேன் கையில் மட்டும்.

கொஞ்ச நேரம் நின்று விழுந்தால் ஓவர்லோடா என்று கணக்குப் போடுங்கள். 2,000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும், அதே அளவு இண்டக்ஷன் அடுப்பும் அப்படித்தான். இரண்டும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் இருந்தால் 17.4. இதற்கு உடனே விழாது. 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும், 23 ஆம்பியரைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்றுதான் அதன் அமைப்பு. இவற்றோடு 1,500 வாட் கெட்டிலையும் போட்டால் 24 ஆகும், விழும்.

கணக்கு சரியாக இருந்தும் விழுந்தால், எம்சிபியின் திருகு தளர்ந்து அங்கேயே சூடாகலாம். பக்கத்து எம்சிபிகளை விட அது சுடுகிறதா என்று, மூடி போட்ட நிலையில் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எந்த நிலையிலும் எம்சிபியைப் பெரிதாக்கித் தீர்க்கக் கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் லைட் வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், விழுவது நிற்கும், வயர் சுவருக்குள் வேகும். கீசர், ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுப்பதுதான் தீர்வு.

ஒரு பக்கம் மட்டும் கரண்ட் இல்லை, டெஸ்டரோ எரிகிறது

எம்சிபி எதுவும் விழவில்லை. ஒரு அறையில் ஒன்றும் ஓடவில்லை. பிளக் பாயின்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது. பார்ப்பவர்கள் "ரெண்டு ஃபேஸ் வந்துடுச்சு" என்பார்கள். ஃபேஸ் ஒன்றுதான், நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஸ்விட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு லைட்டின் வழியாக ஃபேஸ் நியூட்ரல் வயருக்குள் வந்து அங்கே நிற்கிறது. எல்லா ஸ்விட்சையும் அணைத்துப் பிளக்குகளையும் பிடுங்கினால் அந்தத் துளையில் டெஸ்டர் அணைந்துவிடும். அப்படி அணைந்தால் சந்தேகமில்லை.

இந்த நிலையில் டிஜிட்டல் மல்டிமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பைப்புக்குள் பக்கத்து வயரிலிருந்து தூண்டப்பட்ட வோல்டேஜ், எதிலும் இணையாத வயரில்கூட 60, 80 வோல்ட் என்று காட்டும். ஒரு பல்ப் ஹோல்டரில் வயர் இணைத்த டெஸ்ட் லாம்பை வைத்தால் பொய் வோல்டேஜ் மறைந்துவிடும்.

அறுந்த இடத்தைத் தேட, பாதியாகப் பிரித்துக்கொண்டே போங்கள். டிபியிலிருந்து கடைசி பாயின்ட் வரை எட்டு பாக்ஸ்கள் இருந்தால் நாலாவதைத் திறக்கவும். அங்கே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் எரிகிறதா? எரிந்தால் முதல் பாதி நன்றாக இருக்கிறது, அடுத்து ஆறாவது. எரியவில்லை என்றால் இரண்டாவது. மூன்று பாக்ஸ்களைத் திறந்தால் முடிந்துவிடும். முதலிலிருந்து வரிசையாகத் திறப்பவர் அரைநாள் எடுத்துக்கொள்வார். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கடைசியாக ஓடும் பாயின்ட், முதலாவதாக ஓடாத பாயின்ட், கோளாறு இந்த இரண்டு பாக்ஸுக்குள்தான் இருக்கும், பெரும்பாலும் ஏதோ ஒன்றின் திருகில். இடைப்பட்ட சுவரில் இருப்பது கடைசி சந்தேகம்.

பைப் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாத பழைய வீடாக இருந்தால், டோன் ட்ரேசர் என்ற கருவி உதவும். கரண்ட் இல்லாத வயரின் ஒரு முனையில் அது ஒலிக்குறியை அனுப்பும், இன்னொரு துண்டைச் சுவரில் தேய்த்துக்கொண்டே போனால் வயர் போகும் வழியெல்லாம் சத்தம் கேட்கும். அறுந்த இடத்தில் சத்தம் நின்றுவிடும்.

வீடு முழுக்கச் சில லைட் அதிக வெளிச்சம், சில லைட் மங்கல்

த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இதைப் பார்த்த நொடி மெயினை இறக்குங்கள். தேடுவது பிறகு. உள்ளே வரும் நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டுக்கு மேல் வோல்டேஜ், லோடுக்கு ஏற்றபடி பங்கு பிரிந்து, லோடு குறைந்த பக்கம் 300-ஐத் தாண்டும். டிவியும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் போவது இப்படித்தான். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே நிலை என்றால் கோளாறு கம்பத்தில். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் சர்வீஸ் வயர், மீட்டர் பெட்டி, மெயின் ஸ்விட்ச், இந்த மூன்றின் நியூட்ரல் இணைப்பில் ஒன்று. மீட்டர் பெட்டியின் சீலை நீங்களோ உங்கள் வயர்மேனோ உடைக்கக் கூடாது.

மினுக்குகிறது, சடசடக்கிறது, கருகிய வாடை

இந்தப் பட்டியலில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் வீட்டில் வழக்கமாக உள்ள எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இதைப் பிடிக்காது. தளர்ந்த திருகில் பொறி பறக்கும்போது கரண்ட் கூடுவதில்லை, அதனால் எம்சிபி விழாது. பூமிக்கும் போவதில்லை, ஆர்சிசிபியும் விழாது. அந்த இடம் மட்டும் நாள்தோறும் சூடாகிக் கருகும். உங்கள் மூக்கும் காதும்தான் இங்கே கருவி.

16 ஆம்பியர் சாக்கெட்டின் முகம் மஞ்சளாகிறதா, பழுப்பாகிறதா பாருங்கள். கீசர் அரைமணி ஓடிய பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்னைத் தொடாமல் பிளக்கின் பிளாஸ்டிக்கை மட்டும் தொடுங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. மீன் வாடை போல ஒரு நாற்றம் ஸ்விட்ச் போர்டு பக்கம் வந்தால், அது பிளாஸ்டிக் சூடாகும் வாடையாக இருக்கலாம், சமையலறை வாடை என்று விட்டுவிடாதீர்கள். அந்த எம்சிபியை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பல வருடம் முன்பு அலுமினிய வயர் போட்ட வீடுகளில் இது இன்னும் அதிகம். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தளரும், அதன்மேல் கரண்ட் கடத்தாத படலமும் உருவாகும். அதோடு செம்பு வயரை நேரடியாக முறுக்கியிருந்தால் இரட்டைத் தொல்லை. அங்கே ஜாயின்டைச் சரிசெய்து காலம் தள்ளுவதை விட, அந்த லைனையே செம்பில் மாற்றுவது நல்லது.

ஸ்விட்சுக்குள் எறும்பு புகுவதும், பாக்ஸில் பல்லி செத்துக் கிடப்பதும் நம் ஊரில் உண்மையான காரணங்கள். பாக்ஸுக்குள் வரும் பைப்பின் வாயையும் காலியாக உள்ள துளைகளையும் அடைத்தால் போதும். ஃபால்ஸ் சீலிங் உள்ள வீட்டில் எலி. அங்கே பைப் இல்லாமல் வயரை அப்படியே போட்டிருந்தால், லைட் பேனல்களைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் கடித்த இடம் தெரியும்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது

லேசாகக் "கிர்" என்கிறதென்றாலும் மெயினை இறக்கிவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றில் உள்ள ஃபில்டர், எர்த் இல்லாதபோது பாடியில் ஏறக்குறைய பாதி வோல்டேஜை ஏற்றி வைக்கும். அதில் பாயும் கரண்ட் குறைவு, ஆனால் அது சொல்லும் செய்தி பெரிது: உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. குழாய்த் தண்ணீரில் ஷாக், ஈரச் சுவரில் ஷாக் என்றால் இன்னும் மோசம். ஃபேஸ் எங்கோ சுவரையோ குழாயையோ தொடுகிறது, எர்த்தும் இல்லை, ஆர்சிசிபியும் இல்லை அல்லது ஓடவில்லை. பெரும்பாலும் மூன்றும் சேரும்போதுதான் அது நடக்கும்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதைச் செய்யவே கூடாது. எர்த் பலவீனமாக இருந்தால், அந்தப் பல்ப் வழியாக வீட்டின் எல்லா எர்த் வயரும், அதனோடு இணைந்த ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாமும் லைவ் ஆகிவிடும். வேறு அறையில் யாராவது அதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். எர்த் டெஸ்டரில் அளப்பதே சரியான முறை.

எர்த் நன்றாக இருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. எர்த் குழியின் மின்தடை 5 ஓம் என்றால் அது நல்ல எர்த்தான். அதன் வழியே ஃபேஸ் முழுவதும் பாய்ந்தாலும் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே வெட்ட குறைந்தது 80 வேண்டும். ஆகவே எர்த்தும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும்.

சாக்கெட்டைத் திறக்கும்போது, எர்த் பின்னுக்கு நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயர் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இழுக்காத வீட்டில் சிலர் செய்யும் குறுக்குவழி இது. நியூட்ரல் அறுந்த அன்று, அந்தத் துண்டு வழியாக ஃபிரிட்ஜ் பாடிக்கு 230 வோல்ட் வரும்.

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது

ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். நன்றாக எரிந்தால், ஸ்விட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டுகிறது. பல்ப் மாற்ற ஏறுகிறவருக்கு அது ஆபத்து, உடனே மாற்ற வேண்டும். எரியவில்லை அல்லது மிக லேசாக எரிகிறதென்றால், ஸ்விட்சில் உள்ள இண்டிகேட்டர் வழியாகவோ பக்கத்து வயரின் தூண்டலாலோ வரும் சிறு கரண்ட். எல்இடிக்கு அது போதும். ஆபத்தில்லை.

பில் திடீரென்று கூடியது

எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, எல்லாவற்றையும் அணைத்து, இன்வெர்ட்டரையும் பிரித்துவிட்டு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால் எங்கோ கசிகிறது, அல்லது உங்களுக்குத் தெரியாத இணைப்பு இருக்கிறது. 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் 23 வாட், இரண்டு மாதத்துக்கு 33 யூனிட். ஆர்சிசிபி வேலை செய்யும் வீட்டில் இவ்வளவு கசிய முடியாது. ஆகவே இந்த அறிகுறி வந்தால் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

இடம் தெரிந்த பிறகு

கோளாறு உண்மையிலேயே சுவருக்குள் இருந்தாலும் உடைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி இழுக்கலாம், சிக்கினால் வயரிங் ஸ்பிரிங் விட்டு இழுக்கலாம். பைப் நசுங்கியிருந்தால் அந்த வழியை விட்டுவிட்டு, சுவர்மேல் கேசிங் பட்டை போட்டுக் கொண்டுபோவது, கான்கிரீட்டை வெட்டுவதை விட நல்லது. எதைச் செய்தாலும் பைப்புக்குள் ஜாயின்ட் வரக் கூடாது. ஜாயின்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸில்தான்.

வேலை முடிந்து பூசுவதற்கு முன் மெக்கர் ரீடிங் கேளுங்கள். பல்புகள், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள், சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவையும் போய்விடும், ரீடிங்கும் தவறாக வரும். ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டும் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. நல்ல நிலையில் உள்ள லைன் அதைவிடப் பல மடங்கு காட்டும். சரியாக 1 மட்டுமே காட்டினால் இன்னும் எங்கோ ஈரம் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

எந்த எம்சிபி எந்த அறைக்கு, அதன் நியூட்ரல் லிங்க்கில் எத்தனையாவது என்று எழுதி டிபி கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், சென்ட்ரிங் மேல் பைப் பரப்பிய அன்றும், சுவரில் காடி எடுத்துப் பைப் வைத்த அன்றும், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் அளவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.